நிறுவனர் பெயர்: ஒன்று மட்டும்

பணி ஓய்வு பெற்றவனுக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று காதுகுத்து, மற்றது இரங்கல் கூட்டம். இந்தக் கோடையில் எனக்கு மூன்றாவது வகை ஒன்று வந்தது. மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் ஏழு பெண்களுக்கு, அமெரிக்காவில் கணினி செய்து உலகப் புகழ் அடைந்த ஒருவரின் வாழ்க்கை தரும் பாடங்களை நான் எடுத்துச் சொல்ல வேண்டும். மூன்று நாள், தினமும் மாலையில் ஒரு மணி நேரம்.

என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்றால், அந்த மனிதரின் வாழ்க்கை வரலாற்றைத் தமிழில் பெயர்த்தவன் நான். கூட்டுறவுத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கோப்புகளுக்குக் குறிப்பு எழுதிய கை, ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்க மறுத்தது. அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவருடைய பக்தர்கள் ஒரு காற்புள்ளி பிழையானாலும் கடிதம் போடுகிறவர்கள்.

கோயம்புத்தூரிலிருந்து வருபவனுக்கு மரக்காணம் கிட்டத்தட்ட வெளிநாடுதான். எங்கள் ஊரில் திட்டுவதாக இருந்தாலும் ஒரு 'ங்க' போட்டுத்தான் திட்டுவார்கள். இங்கே நடத்துநர் என்னை ஊருக்கு வெளியே புறவழிச் சாலையில் இறக்கிவிட்டு, "ஊருக்குள்ள போவாது பெருசு, ஆட்டோ வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆட்டோ வந்தது. உள்ளே ஏற்கெனவே ஐந்து பேரும் ஒரு மீன்பெட்டியும் இருந்தார்கள். பெட்டிக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது. ஐஸ் உருகி என் பேண்ட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏம்பா, சார் பேண்ட்டுல ஊத்துது பாரு, பொட்டிய திருப்பி வை" என்றார் ஓட்டுநர்.

"திருப்புனா என் மேல ஊத்தும்" என்றார் பெட்டிக்காரர். பிறகு என்னைப் பார்த்து, "ஒண்ணும் ஆவாது சார். ரெண்டு நாள்ல ஊரு வாசனை உங்களுக்குப் புடிச்சுடும்" என்றார். எதிர்ப்புத் தெரிவிக்கும் நடைமுறை எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

என்னை அழைத்தவள் நிர்மலா. என்னுடன் வேலை பார்த்த நண்பர் ஒருவரின் மகள். இந்தப் பக்கத்துத் தொண்டு நிறுவனம் ஒன்றில் இருக்கிறாள். தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில்தான் வகுப்பு. போகும் வழியில் அவள் விஷயத்தை விளக்கினாள். ஏழு பெண்களும் பல ஆண்டுகளாகக் கூலிக்கு உப்பு வாருகிறவர்கள். இந்தப் பருவத்தில் மூன்று பாத்திகளை உரிமையாளரிடமிருந்து தாங்களே குத்தகைக்கு எடுத்து, சொந்தமாக உப்பு விளைவித்து, பொட்டலம் போட்டு விற்கப் பார்க்கிறார்கள். ஆரோவில் பக்கத்தில் ஒரு பெரிய கடை கிராமத்துத் தொழில்முனைவோருக்காகப் போட்டி நடத்துகிறது. தேர்வாகும் பொருளுக்குக் கடையில் நிரந்தரமாக ஓர் அலமாரி, கூடவே பொட்டலம் ஒட்டும் இயந்திரம்.

"விண்ணப்பத்துக்கு வெள்ளிக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணி கடைசி, அங்கிள். அதையும் நீங்கதான் நிரப்பித் தரணும்" என்றாள்.

அதாவது, பாடம் எடுப்பதற்காக அல்ல, படிவம் நிரப்புவதற்காகத்தான் என்னை வரவழைத்திருக்கிறாள். வருத்தமில்லை. இரண்டாவதில்தான் எனக்குத் தகுதி அதிகம்.

புதன்கிழமை மாலை முதல் வகுப்பு. விடிவதற்கு முன்பே வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள், குளித்து, தலை ஈரத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். இருவர் முதல் பத்து நிமிடத்திலேயே தூங்கிவிட்டார்கள். அலுவலகக் கூட்டங்களில் நான் தூங்கிய அளவுக்கு இல்லை என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

"அவர் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவர்" என்று தொடங்கினேன். மொழிபெயர்ப்பில் எல்லோரும் மெய்சிலிர்க்கும் இடம் இது.

முன்வரிசையில் இருந்த பெண் கையைத் தூக்கினார். பெயர் அஞ்சலை, நாற்பத்தைந்து வயது இருக்கலாம். "எந்தக் கிளாஸ்ல விட்டாரு சார்?"

"கல்லூரி முதலாம் ஆண்டு."

"நான் மூணாங்கிளாஸ். அவருக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டேன்."

தூங்கிக்கொண்டிருந்தவர்களும் எழுந்து சிரித்தார்கள். வீட்டுக் கொட்டகையில் அவர் தொழில் தொடங்கியதைச் சொன்னேன். கொட்டகை சொந்தமா வாடகையா என்று இன்னொருவர் கேட்டார். சொந்தம் என்றேன். "அப்ப சரி" என்று ஒரு குரல் வந்தது. அந்த 'அப்ப சரி'யில் புத்தகத்தின் முதல் ஐந்து அத்தியாயங்கள் சுருங்கிவிட்டன.

ஒருவர் மட்டும் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா, முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டியவர். பன்னிரண்டாம் வகுப்புவரை படித்தவர், நல்ல கையெழுத்து. வலது கைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் சிறு சிறு சூட்டுத் தழும்புகள். பொட்டலத்தின் வாயை மெழுகுவர்த்தியில் காட்டி ஒட்டும்போது ஆனவை. அந்த இயந்திரம் எதற்கு என்று அதன்பின் நான் கேட்கவில்லை.

இரவு உணவுக்கு நிர்மலா வீட்டில் சங்கரா மீன் குழம்பு. குடிக்க எனக்குப் பாட்டில் தண்ணீர் வைத்தார்கள். எங்கள் ஊரில் விருந்தாளிக்குக் குழாயில் பிடித்துக் கொடுத்துவிட்டு, அவர் முகத்தையே பார்ப்போம், தண்ணீரைப் புகழ்கிறாரா என்று. இங்கே குழம்பைப் பார்த்தார்கள். புகழ்ந்தேன். பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வியாழன் காலை உப்பளத்துக்குப் போனேன். மேட்டிலிருந்து பார்த்தால், இன்னும் யாரும் நிரப்பாத படிவம்போலக் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. கட்டங்களில் தண்ணீர், தண்ணீருக்கு அடியில் வெள்ளை.

உப்பு வாருவது தனி ஆளின் வேலை என்று நினைத்திருந்தேன். இவர்கள் பாத்தியில் அப்படி இல்லை. ஏழு பேரும் வந்த பிறகுதான் இறங்குகிறார்கள். ஒருவர் தாமதித்தால் மற்ற ஆறு பேரும் வரப்பில் குந்திக் காத்திருக்கிறார்கள். அதன் பிறகு ஒரே வரிசையாக, ஒரே நேரத்தில், பின்னோக்கி நடந்தபடி நீண்ட கைப்பிடி வைத்த பலகையால் உப்பை இழுக்கிறார்கள். யாரும் யாருடைய தடத்தையும் கடப்பதில்லை.

"ஏன் இப்படி?" என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன்.

"அடியில களிமண்ணு சார். நாலு பேரு எறங்கி இங்கயும் அங்கயும் நடந்தா சேறு கெளம்பி உப்பு பழுப்பாயிடும். ஓனருக்கு வார்றப்ப எப்படியோ வாரிப்புடுவோம், தொழிற்சாலைக்குப் போறதுதானே. இது வாயில போடறது."

வாரிய உப்பை மறுபடி அடர்ந்த உப்புத் தண்ணீரிலேயே அலசி எடுத்தார்கள். நல்ல தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும், இதில் அழுக்கு மட்டும் போகும். வெயிலில் அது பளிச்சென்று இருந்தது. யார் கண்டுபிடித்தது என்றேன். "நான்தான் பாத்தேன் சார்" என்றார் ஸ்டெல்லா. இதைக் குறித்துக்கொண்டேன். மொழிபெயர்ப்பாளனின் மூளை உடனே வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

மாலை வகுப்பைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு, நிர்மலாவின் மடிக்கணினியில் படிவத்தைத் திறந்தோம். முதல் கட்டம்: நிறுவனர் பெயர். ஒன்று மட்டும். அடுத்தது அவருடைய ஆதார் எண். அதற்கடுத்தது அவருடைய ஒரே ஒரு புகைப்படம். அதன் கீழே, நிறுவனரின் கதை.

"ஏழு பேரு பேரையும் போட முடியாதா?" என்று கேட்டாள் நிர்மலா. முயன்று பார்த்தோம். இரண்டாவது பெயரின் பாதியில் கட்டம் நின்றுவிட்டது. குழுவின் பெயரைப் போட்டோம். ஆதாரோடு பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பியது.

படிவத்தோடு சண்டை போடக் கூடாது என்பது நான் பணியில் கற்றது. படிவம் ஒருபோதும் களைப்படையாது. "ஸ்டெல்லா பெயரைப் போடுவோம்" என்றேன். எழுதத் தெரிந்தவர், பேசத் தெரிந்தவர், அலசும் முறையைக் கண்டவர். யாரும் மறுக்கவில்லை. மறுப்பு இல்லாவிட்டால் ஏகமனதாக என்று குறிப்பெழுதிப் பழகியவன் நான்.

பிறகு கதையை எழுதினேன். அரை மணி நேரத்தில், அந்தப் பெரிய மனிதரின் வரலாற்றில் வரும் அதே நடையில். விடியாத ஒரு காலையில், பரந்த உப்பளத்தின் நடுவே ஸ்டெல்லா தனியாக நின்றார், தண்ணீரை உற்றுப் பார்த்தார், அந்தக் கணத்தில் ஓர் எண்ணம் பிறந்தது, பிறகு அவருக்குத் துணையாகச் சிலர் சேர்ந்தார்கள். சத்தமாக வாசித்துக் காட்டினேன். எனக்கே பிடித்திருந்தது.

அஞ்சலைதான் முதலில் பேசினார். "தனியா நின்னாளா? அன்னைக்கு நாங்கல்லாம் எங்க போயிருந்தோம் சார்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். முதல் நாள் வாசலில் நின்று அரைமணி நேரம் பேசியவர்கள் அன்று நிற்கவில்லை. காலையில் அனுப்பிக்கொள்ளலாம் என்று நிர்மலா கணினியை மூடினாள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் நான் வரப்பில் இருந்தேன். அன்று வாரும் உப்பைத்தான் மாதிரிக்கு எடுத்துப்போக, மாலை நாலரைக்குக் கடைக்காரர்கள் வருவதாக ஏற்பாடு. அன்று வாராவிட்டால் தண்ணீரில் கசப்பு ஏறி, உப்பிலும் இறங்கிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். நான்கு பேர் வந்திருந்தார்கள். அஞ்சலையும் இன்னும் இருவரும் வரவில்லை.

வெயில் ஏறியது. மற்றவர்கள் பாத்தியைப் பார்த்தார்கள், ஸ்டெல்லா பாதையைப் பார்த்தார்.

"உடம்பு சரியில்லையோ என்னவோ" என்றேன்.

"மூணு பேருக்கும் ஒரே நாள்லயா சார்?" என்றார் ஸ்டெல்லா. பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீங்க எழுதுனது நல்லா இருந்துச்சு. அதான் பிரச்சினை. நீங்க படிக்கப் படிக்க நானே நம்பிட்டேன். ராத்திரி வீட்டுக்காரர்கிட்ட இன்னொரு தடவை சொன்னேன், அப்பவும் தனியாத்தான் நின்னேன்" என்றார்.

நால்வராக இறங்கிவிடலாமே என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், இறங்கினால் உப்பு மட்டும் பழுப்பாகாது என்பது எனக்கே புரிந்தது. "வாங்க சார், அஞ்சலைக்கா வீட்டுக்குப் போயிட்டு வரலாம்" என்று எழுந்தார்.

கடலோரக் குப்பத்தில் அஞ்சலையின் வீடு. வாசலில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "வாங்க நிறுவனரே" என்றார்.

"அக்கா, வேணாம்" என்றார் ஸ்டெல்லா.

"நான் இன்னா சொன்னேன்? பேப்பர்ல இருக்கறதத்தானே சொன்னேன். சாரு, உக்காருங்க. பழைய சோறு இருக்குது, சுட்ட கருவாடு இருக்குது. சாப்பிடுவீங்களா, இல்ல அந்தக் கம்ப்யூட்டர்காரரு சாப்பிட மாட்டாரா?"

சாப்பிட்டேன். எங்கள் ஊரில் கோபமாக இருப்பவர் வீட்டில் காபி கிடைக்காது. இங்கே கோபத்துக்கும் சோற்றுக்கும் தனித்தனிக் கோப்பு.

அஞ்சலை கத்தியை நிறுத்தாமல் பேசினார். "கூடைய உப்புத்தண்ணி வாய்க்கால்ல கவுத்தது நான். கால் வழுக்கிடுச்சு. உப்பெல்லாம் போச்சுன்னு அழுதுகிட்டே அள்ளுனேன். 'யக்கா, வெள்ளையா வருது பாரு'ன்னு சொன்னது இவ. கவுந்தது என் கையி, பாத்தது அவ கண்ணு. எனக்கு அதுல ஒண்ணும் வருத்தமில்ல. போட்டோவுல அவ மூஞ்சிதான் நல்லாவும் இருக்கும்."

"பிறகு ஏன் வரவில்லை?" என்றேன்.

"சார், நீங்க கெவர்மெண்ட்டுல இருந்தவரு. உங்களுக்குத் தெரியாதா? இப்ப ஓனர் இருக்காரே, அவங்க தாத்தாவும் எங்க தாத்தாவும் இன்னும் பத்து பேரும் ஒண்ணா மண்ணு மிதிச்சுக் கட்டுன பாத்திதான் அது. பேப்பர் எழுத வந்தப்ப ஒரு பேருதான் எழுதணும்னாங்களாம். ஓனரோட தாத்தாதான் கையெழுத்து போடத் தெரிஞ்சவரு. 'சும்மா பேருக்குத்தான்'னு எழுதுனாங்க. இன்னைக்கு அவரு பேரன் ஓனரு. நான் கூலி. அவரு கெட்டவரு இல்ல சார். பேப்பருதான் அப்படி."

எனக்குத் தெரியாதா என்று கேட்டாரே, தெரியும். சங்கங்கள் சிலரின் சொத்தாக மாறியதைக் கோப்புகளில் வரி வரியாகப் படித்தவன் நான். எல்லாவற்றிலும் முதல் பக்கத்தில் வசதி கருதி என்று ஒரு சொல் இருக்கும். நேற்று நானும் வசதி கருதித்தான் எழுதினேன். அதற்கு மேல் இலக்கியமும் சேர்த்தேன்.

"எனக்கு மிஷினும் வேணாம், ஒண்ணும் வேணாம். விண்ணப்பத்த அழிச்சிடலாம்" என்றார் ஸ்டெல்லா. சொல்லும்போது அந்த இரண்டு விரல்களையும் தேய்த்துக்கொண்டார்.

"அழிக்க வேண்டாம்" என்றேன். மூன்று நாட்களில் முதன்முறையாக எனக்குத் தெரிந்த விஷயத்தைப் பேசினேன். படிவத்தில் ஒரு பெயர் இருக்கட்டும். அது போவதற்கு முன்னால் வேறொரு பத்திரம் எழுதுவோம். இயந்திரம், அலமாரி, உப்பின் பெயர், எல்லாம் ஏழு பேருக்கும் சமம். படிவத்தில் இருப்பவர் மற்ற ஆறு பேர் கையெழுத்தில்லாமல் எதையும் விற்கவோ மாற்றவோ முடியாது. அவர் இறந்தால் அவர் பங்கு மட்டும்தான் பிள்ளைகளுக்கு.

அஞ்சலை இப்போதுதான் கத்தியைக் கீழே வைத்தார். "அது நிக்குமா சார்?"

"நான் எழுதினால் நிற்கும்" என்றேன். சொந்தத் திறமையைப் பற்றி நான் பொய் சொல்லாத அபூர்வமான இடங்களில் இதுவும் ஒன்று.

முத்திரைத்தாளுக்கு மரக்காணம் கடைவீதிக்குப் போக வேண்டும். பாதி வழியில் ஆட்டோவின் சங்கிலி மாதிரி ஏதோ அறுந்தது. "தள்ளுங்க சார், எறக்கம்தான்" என்றார் ஓட்டுநர். மரக்காணத்தில் இறக்கமே கிடையாது என்பதை அப்போது அறிந்தேன். முத்திரைத்தாள் விற்பவர் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தே வாசகத்தை எழுதி முடித்தேன். திரும்பி வந்தவர் எட்டிப் பார்த்து, "சார் ரிட்டயர்டா?" என்றார். எப்படித் தெரிந்தது என்றேன். "இப்பல்லாம் யாரு சார் 'மேற்படியார்'னு எழுதறாங்க" என்றார்.

கூடத்தில் ஏழு பேரும் இருந்தார்கள். பெயர்களை எந்த வரிசையில் எழுதுவது என்று ஒரு பிரச்சினை வந்தது. யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் எல்லோரும் என் பேனாவையே பார்த்தார்கள். அகரவரிசை என்றேன். அஞ்சலை முதலில் வந்தார், ஸ்டெல்லா கடைசியில்.

"படிச்சவங்க ரூல் போட்டா எப்பவும் சரியாத்தான் இருக்கும்" என்று அஞ்சலை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஐந்து பேர் கையெழுத்து, இரண்டு பேர் கைநாட்டு. பங்குத்தந்தை சாட்சி.

நான் எழுதிய கதையை அழித்தேன். "நீங்களே சொல்லுங்கள்" என்றேன். ஒரே நேரத்தில் பலர் சொன்னார்கள். கால் வழுக்கியது, கூடை கவிழ்ந்தது, அழுதது, வெள்ளையாக வந்தது. நடையே இல்லை. அப்படியே தட்டச்சு செய்தேன்.

பகல் இரண்டு மணிக்கு உப்பளத்தில் யாரும் இறங்குவதில்லை. கண்ணைத் திறக்க முடியாத வெளிச்சம். அன்று ஏழு பேரும் முக்காட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு ஒரே வரிசையாக இறங்கினார்கள். பின்னோக்கி, பின்னோக்கி, தண்ணீர் கலங்காமல். வரப்பில் குடையோடு நின்றிருந்த எனக்கே தலை சுற்றியது.

கடைக்காரர்கள் வந்து, உப்பை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு சாக்கில் எடுத்துக்கொண்டு போனார்கள். முடிவு வர ஒரு மாதமாகும் என்றார்கள். ஐந்துக்குப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

மூன்றாவது வகுப்பு பாக்கி இருந்தது. தோல்வியிலிருந்து மீள்வது என்பது தலைப்பு. குறிப்புகளை எடுத்தேன். கேட்க வந்தவர்களுக்குக் கண் சொருகிக்கொண்டிருந்தது. அஞ்சலை மட்டும் கேட்டார்: "சார், ஒரு சந்தேகம். மூணு நாளா அவரு ஒருத்தரேதான் வர்றாரு. கூட யாருமே இல்லியா அவருக்கு?"

இருந்தார். கொட்டகையில் உட்கார்ந்து முதல் கணினியைக் கையால் செய்தவர் வேறொருவர். மூலப் புத்தகத்தில் அவருக்கென்றே முப்பது பக்கத்துக்கு ஓர் அத்தியாயம் உண்டு. தமிழில் பக்கம் கூடிவிட்டது, கொஞ்சம் குறையுங்கள் என்று பதிப்பகத்தில் சொன்னார்கள். கதையின் ஓட்டத்துக்குத் தடையாக இருந்தது அந்த அத்தியாயம்தான் என்று எனக்குப் பட்டது. நான்தான் எடுத்தேன். இதை அவர்களிடம் சொன்னேன்.

"நீங்களேவா வெட்டுனீங்க?" என்றார் ஸ்டெல்லா.

"நானேதான்."

"பேரு இன்னா சார் அவருக்கு?" என்றார் அஞ்சலை.

வாயைத் திறந்தேன். வரவில்லை. ஒன்றரை வருடம் தினமும் கூடவே இருந்த மனிதர். அவருடைய கண்ணாடி, அவர் தின்ற ரொட்டி, அவர் சிரிக்கும் விதம், எல்லாம் நினைவிருந்தது. பெயர் இல்லை.

"சரி விடுங்க, தூரத்து ஆளு" என்றார் அஞ்சலை. "எங்க பேரு ஏழும் சொல்லுங்க பாப்போம். மத்தியானம்தான எழுதுனீங்க."

அது சுலபம். அகரவரிசை. விரல் விட்டு எண்ணினேன். அஞ்சலை. எலிசபெத். காந்திமதி. செல்வி. ராணி. ஸ்டெல்லா. ஆறு விரல்தான் மடங்கியிருந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். மறுபடியும் ஆறு. கூடத்தில் யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை, சிரிக்கவும் இல்லை.

கடைசி வரிசையில், சுவரோரமாக, மூன்று நாளும் ஒரு வார்த்தை பேசாத பெண் எழுந்து நின்றார்.

"மல்லிகா, சார்" என்றார்.